நியூட்ரானை அடிக்க ஒரு கண்ணாடிக் கலம்: முனைவாக்கிய ஹீலியம்-3 எளிய அறிமுகம்

நியூட்ரானை மட்டும் தனியே எடுத்து ஒரு பாட்டிலில் அடைத்து, "இந்தா, இதை வைத்துச் சோதனை செய்" என்று யாரும் கொடுத்துவிட முடியாது. அதற்கு மின்னேற்றம் கிடையாது, அதனால் மின்புலத்தைக் கொண்டு இழுத்துப் பிடித்து வைக்க வழியில்லை. அணுக்கருவை விட்டு வெளியே வந்துவிட்டால் சராசரியாக 880 விநாடி, அதாவது கால் மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு, அதற்குள் ஒரு புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் எதிர்நியூட்ரினோவாகவும் சிதைந்து போய்விடும். மிகமிக மெதுவாக நகரும் நியூட்ரான்களைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கும் பாட்டில்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் நிற்பது பத்துகளிலும் நூறுகளிலும் எண்ணுகிற அளவுதான். ஒரு இலக்காக வைத்து அதன்மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் ஒன்றுகூட மோதாது.

மதுரைப் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தாலே "தேனி நியூட்ரினோ திட்டமா?" என்று கேட்பார்கள். இல்லை. பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து வைக்கத் திட்டமிட்டது நியூட்ரினோ உணர்கருவி. நியூட்ரினோ என்பது ஏறக்குறைய எடையே இல்லாமல், எதிலும் மோதாமல் பூமியையே ஊடுருவிப் போகும் துகள். நாம் பேசப் போவது நம் உடம்பின் எடையில் கிட்டத்தட்டப் பாதிக்குக் காரணமான நியூட்ரானைப் பற்றி. 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்தார், பத்தாம் வகுப்பிலேயே எல்லாரும் படித்துவிடுகிறோம், ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அளப்பது இன்றைக்கும் லேசான காரியம் இல்லை.

புரோட்டான் என்றால் பிரச்சினை இல்லை. ஹைட்ரஜன் இருக்கிறது, அதன் அணுக்கருவே ஒற்றைப் புரோட்டான்தான். நியூட்ரானுக்கு அப்படி ஒரு தனிமம் இல்லை. ஆக, நியூட்ரான் இருக்கிற ஏதோ ஒரு அணுக்கருவை இலக்காக வைத்து, அதில் புரோட்டான்கள் செய்யும் வேலையைக் கழித்துவிட்டு, மிச்சத்தை நியூட்ரான் கணக்கில் எழுத வேண்டும். எந்த அணுக்கரு என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கு முன்னால் ஸ்பின் பற்றிக் கொஞ்சம். புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் மூன்றுக்கும் ஸ்பின் உண்டு, அதோடு சேர்ந்து ஒரு சின்னக் காந்தத் தன்மையும் உண்டு. துகள் நிஜமாகவே சுற்றுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அப்படி நினைத்தால் பின்னால் குழப்பம் வரும். இப்போதைக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஒரு காந்தப்புலத்துக்குள் வைத்தால் இந்தத் துகள்களின் ஸ்பின் அந்தப் புலத்தின் திசையில் இருக்கும், அல்லது நேர் எதிர்த் திசையில் இருக்கும், அளந்து பார்த்தால் இந்த இரண்டில் ஒன்றுதான் விடையாகக் கிடைக்கும். சாதாரணமாக ஒரு வாயுவை எடுத்தால் பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே. அது முனைவாக்கம் இல்லாத வாயு. நூறு அணுக்கருவில் எண்பது மேலேயும் இருபது கீழேயும் இருந்தால், வித்தியாசம் அறுபது, முனைவாக்கம் 60 சதவீதம் என்கிறோம். அவ்வளவுதான் கணக்கு.

இப்படி ஒழுங்குபடுத்துவது எதற்காக? 1987, 88 வாக்கில் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் புரோட்டானின் ஸ்பின் எங்கிருந்து வருகிறது என்று அளந்தார்கள். உள்ளே இருக்கும் குவார்க்குகளின் ஸ்பின்னைக் கூட்டினால் புரோட்டானின் ஸ்பின் வந்துவிடும் என்பது அதுவரை எல்லாரும் நம்பிய கணக்கு. வந்த விடை வேறு. குவார்க்குகளின் பங்கு மிகச் சிறியதாகத் தெரிந்தது. இன்றைய அளவீடுகளில் அது சுமார் மூன்றில் ஒரு பங்கு. மீதி எங்கே என்ற கேள்வி இயற்பியலாளர்களைப் போட்டு உலுக்கியது. புரோட்டானில் மட்டும் அளந்தால் போதாது, நியூட்ரானிலும் அளந்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஜேம்ஸ் பியார்க்கன் 1966-இலேயே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு சமன்பாடு எழுதி வைத்திருந்தார், அதைச் சரிபார்க்க வேண்டும் என்றால் ஸ்பின் ஒழுங்குபட்ட நியூட்ரான் இலக்கு இல்லாமல் நடக்காது.

சரி, எந்த அணுக்கரு? இங்கேதான் ஹீலியம்-3 வருகிறது. பலூனில் அடைக்கும் சாதாரண ஹீலியத்தில் இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான். ஹீலியம்-3 இல் இரண்டு புரோட்டான், ஒரே ஒரு நியூட்ரான். இரண்டு புரோட்டான்களும் பெரும்பாலான நேரம் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஸ்பின்னை வைத்துக்கொண்டு ஜோடி சேர்ந்துவிடுகின்றன, அவற்றின் ஸ்பின் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடுகிறது. மிச்சம் இருப்பது அந்த ஒற்றை நியூட்ரானின் ஸ்பின்தான். ஆகவே ஹீலியம்-3 அணுக்கருவை ஒரு திசையில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் நியூட்ரானையும் கிட்டத்தட்ட அதே திசையில் நிறுத்தியதாக ஆகிறது. முழுதாக அல்ல. கணக்குப் போட்டவர்கள் நியூட்ரானுக்குச் சுமார் 87 சதவீதம் என்றும், ஒவ்வொரு புரோட்டானுக்கும் எதிர்த்திசையில் 3 சதவீதத்துக்கும் குறைவு என்றும் சொல்கிறார்கள். கணக்கை நம்பாதவர்கள் வேறு வழியில் பார்த்துக்கொள்ளலாம்: அணுக்கருக் காந்த அலகில் நியூட்ரானின் காந்தத் திருப்புத்திறன், அதாவது அந்தச் சின்னக் காந்தத்தின் வலிமை, மைனஸ் 1.91, ஹீலியம்-3 இன் திருப்புத்திறன் மைனஸ் 2.13, புரோட்டானின் திருப்புத்திறனோ பிளஸ் 2.79. ஹீலியம்-3 யாருடைய சாயலில் இருக்கிறது என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும்.

இந்த வாயு கிடைப்பதும் சுலபம் இல்லை. காற்றில் பத்து லட்சத்துக்கு ஐந்து பங்குதான் ஹீலியம், அந்த ஹீலியத்திலும் பத்து லட்சத்துக்கு ஒன்றரைப் பங்குகூட ஹீலியம்-3 கிடையாது. காற்றிலிருந்து பிரிக்கிற வேலையை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. கிடைப்பதெல்லாம் டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதைவதிலிருந்துதான். டிரிடியத்தின் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டு, அணு ஆயுதங்களுக்காகச் சேர்த்து வைத்த டிரிடியம் மெல்ல மெல்ல ஹீலியம்-3 ஆக மாறுகிறது, அதைத்தான் வடித்தெடுத்து விற்கிறார்கள். 2001-க்குப் பிறகு அமெரிக்கா தன் துறைமுகங்களிலும் எல்லைகளிலும் கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடிக்க நியூட்ரான் உணர்கருவிகளை வாங்கிக் குவித்தது, அவற்றுக்குள் இருப்பதும் இதே வாயுதான், அதனால் 2008, 2009 வாக்கில் உலகமே பற்றாக்குறையில் மாட்டியது. லிட்டருக்கு நூறு டாலர் என்ற அளவில் இருந்த விலை ஆயிரங்களுக்குப் போனது. வாயுவை அடைத்து இலக்காக வைக்கும் ஒரு கண்ணாடிக் கலத்துக்குச் சில லிட்டர் வேண்டும். கலம் உடைந்தால் அந்தப் பணம் காற்றோடு போச்சு என்று அர்த்தம்.

இப்போது அந்த அணுக்கருக்களை எப்படி வரிசையில் நிறுத்துவது? முதலில் எல்லாருக்கும் தோன்றும் யோசனை, பெரிய காந்தம் வைத்தால் போயிற்று என்பது. மதுரையில் அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது, அங்கே எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் இருக்கும் காந்தம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா, பக்கத்தில் சாவிக்கொத்தைக் கொண்டுபோனால் பிடுங்கி இழுத்துவிடும். அவ்வளவு பெரிய காந்தத்துக்குள் அறை வெப்பநிலையில் ஹீலியம்-3 ஐ வைத்தால் கிடைக்கிற முனைவாக்கம் எவ்வளவு தெரியுமா? பத்து லட்சத்துக்கு நான்கு. சதவீதம்கூட அல்ல, பத்து லட்சத்துக்கு நான்கு. வெப்பம் ஒவ்வொரு அணுக்கருவுக்கும் தருகிற ஆற்றலோடு ஒப்பிட்டால் காந்தம் தருகிற இழுப்பு ஒன்றுமே இல்லை, அதுதான் காரணம். நமக்கு வேண்டியது 50, 60 சதவீதம். லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். காந்தத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் ஒன்றும் நடக்காது.

அதனால் ஒளியைப் பிடித்தார்கள். ஒளிக்கும் ஸ்பின் உண்டு. வட்டத் தளவிளைவு கொண்ட ஒளியில், அதாவது மின்புலம் திருகுபோலச் சுழன்றுகொண்டே வரும் ஒளியில், உள்ள ஒவ்வொரு போட்டானும் ஒரே திசையில் ஸ்பின்னைச் சுமந்து வரும். 1931-இல் ராமனும் பகவந்தமும் போட்டானுக்கு ஸ்பின் இருப்பதைச் சோதனை வழியாகக் காட்டியதாகக் கட்டுரை எழுதினார்கள், இதை நம் ஊர்ப் பாடப்புத்தகங்கள் ஏன் சொல்வதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அணு அந்த ஒளியை உறிஞ்சும்போது ஸ்பின்னும் சேர்ந்து அணுவுக்குள் போகிறது. இப்படி ஒளியை வைத்து அணுக்களை ஒரே ஸ்பின் நிலைக்குத் தள்ளும் வித்தைக்கு ஒளிவழி ஏற்றம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதற்காகப் பிரான்சின் ஆல்ஃபிரெட் காஸ்லருக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை எழுந்து, "அப்ப நேரா ஹீலியம் மேலயே லேசர அடிக்க வேண்டியதானே சார்?" என்று கேட்கும். நியாயமான கேள்வி. இரண்டு தடைகள். ஒன்று, ஹீலியத்தின் எலக்ட்ரான்களை அடிநிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏற்ற 20 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு வேண்டும், அது புற ஊதாவிலும் மிகத் தொலைவில் உள்ள ஒளி, அதற்கு வசதியான லேசர் இல்லை. இரண்டு, ஹீலியத்தின் இரண்டு எலக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்து அமைதியாக இருக்கின்றன, ஸ்பின்னை வாங்கி வைத்துக்கொள்ள அங்கே ஆளே இல்லை.

ஆகவே இடையில் ஒருவர் வேண்டும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விவசாயிக்கும் பூக்கட்டுகிறவருக்கும் நடுவே கமிஷன் கடைக்காரர் உட்கார்ந்திருப்பார் அல்லவா, மல்லிகையை இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் தள்ளிவிடுவார், தன்னிடம் எதையும் நிறுத்தி வைத்துக்கொள்ள மாட்டார், நாள் முழுக்க அதே வேலை. இங்கே அந்த ஆள் ரூபிடியம் என்ற உலோகத்தின் ஆவி. அதன் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான் இருக்கிறது, 795 நானோமீட்டர் ஒளியை நன்றாக உறிஞ்சும், அந்த அலைநீளத்துக்கு டயோடு லேசர்கள் சல்லிசாகக் கிடைக்கின்றன. லேசர் ஒளி ரூபிடியத்தின் எலக்ட்ரானை ஒரே திசை ஸ்பின்னுக்குத் தள்ளும். அந்த ரூபிடியம் அணு ஒரு ஹீலியம் அணுவோடு மோதும்போது, மோதுகிற அந்தக் கண நேரத்தில், எலக்ட்ரானின் ஸ்பின் ஹீலியம் அணுக்கருவுக்குக் கைமாறிவிட ஒரு சின்ன வாய்ப்பு இருக்கிறது. கைமாறியதும் ரூபிடியம் வெறுங்கையாகும், லேசர் அதை மறுபடி நிரப்பும். 1960-இல் பூஷியா, கார்வர், வார்னம் மூவரும் இதை முதலில் செய்து காட்டினார்கள். ஸ்பின் பரிமாற்ற ஒளிவழி ஏற்றம் என்பது இதன் முழுப் பெயர்.

வாய்ப்பு சின்னது என்றேன். எவ்வளவு சின்னது என்றால், வாயு முழுக்க ஏறுவதற்கு மணிக்கணக்காகும். ஐந்து மணி நேரம், பத்து மணி நேரம், அந்தக் காலத்துக் கலங்களில் அதற்கும் மேலே. இதை வேகப்படுத்த ரூபிடியத்தோடு பொட்டாசியத்தையும் சேர்க்கிறார்கள். லேசரிடமிருந்து ரூபிடியம் வாங்கும், பொட்டாசியத்துக்கு உடனே கொடுக்கும், பொட்டாசியம் ஹீலியத்துக்குக் கொடுக்கும். வழியில் வீணாவது பொட்டாசியத்தில் பல மடங்கு குறைவு என்பதால், ஒரு கை கூடினாலும் மொத்தத்தில் லாபம்தான். ரூபிடியம் மட்டும் என்றால் கலத்தை 170 டிகிரி வரை சூடாக்கினால் போதும், பொட்டாசியம் சேர்ந்த கலவைக்கு 230 டிகிரி வேண்டும், இல்லாவிட்டால் போதுமான உலோக ஆவி எழும்பாது.

கூடவே கொஞ்சம் நைட்ரஜனும் போடுவார்கள், ஹீலியத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு. அது எதற்கு? லேசரை உறிஞ்சிய ரூபிடியம் அணு பழைய நிலைக்குத் திரும்பும்போது அது பாட்டுக்கு ஒரு போட்டானை ஏதோ ஒரு திசையில், ஏதோ ஒரு ஸ்பின்னோடு உமிழும், அந்தப் போட்டானைப் பக்கத்து ரூபிடியம் உறிஞ்சிக் கெட்டுப்போகும். நைட்ரஜன் மூலக்கூறு நடுவில் வந்து மோதி அந்த ஆற்றலை அதிர்வாக வாங்கிக்கொண்டுவிடும், ஒளியே வராது. ஆனால் பின்னால் எலக்ட்ரான் கற்றை வந்து அடிக்கும்போது நைட்ரஜனிலிருந்தும் சிதறல் வரும், அதைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். இந்தத் துறையில் எதைச் சேர்த்தாலும் ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் கழித்தல் கணக்கு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஏறுகிற வேகம் மட்டும் தெரிந்தால் போதாது, கலைகிற வேகமும் தெரிய வேண்டும். ஏற்றிவிட்ட ஸ்பின் அப்படியே நிற்காது. அணுக்கரு கலத்தின் சுவரில் போய் முட்டும், அங்கே காந்தத் தன்மையுள்ள ஒரு துளி அழுக்கு, ஒரு இரும்பு அணு இருந்தாலும் ஸ்பின் புரண்டுவிடும். காந்தப்புலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லாவிட்டால், அங்கும் இங்கும் அலைகிற அணுவின் ஸ்பின் கலையும். ஹீலியமும் ஹீலியமும் மோதிக்கொள்வதிலேயே கொஞ்சம் போகும், அதை யாராலும் தடுக்க முடியாது. எடுத்துக்காட்டுக்கு, ஏறுவதற்கு 5 மணி நேரம், லேசரை அணைத்தால் கலைவதற்கு 40 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எட்டக்கூடிய உச்சம் 40-ஐ 45-ஆல் வகுத்தது, ஏறக்குறைய 89 சதவீதம், அதுவும் ரூபிடியம் முழுதாக முனைவாகி இருந்தால். அதே கலம் கொஞ்சம் அழுக்காகி, கலைவதும் 5 மணி நேரத்தில் நடந்தால் உச்சம் 50 சதவீதம்தான். எவ்வளவு பெரிய லேசரைக் கொண்டுவந்தாலும் அதற்கு மேல் ஏறாது. புதிதாகப் படிக்க வருகிறவர்கள் லேசரைத்தான் பெரிதாக நினைப்பார்கள். உண்மையில் ஒரு குழு ஜெயிப்பதும் தோற்பதும் கண்ணாடிச் சுவரில்தான். இதற்கும் மேலே ஒரு விவகாரம் இருக்கிறது: உலோக ஆவியைக் கூட்டக் கூட்டச் சுவரில் கலைவதும் சேர்ந்து கூடுகிறது. ஏன் என்று இன்னும் முழுதாக யாருக்கும் விளங்கவில்லை, கலத்துக்குக் கலம் அது மாறவும் செய்கிறது. ஒரே கை செய்த இரண்டு கலங்கள், ஒன்று அருமையாக வரும், இன்னொன்று சொதப்பும்.

அதனால் கலத்தைச் செய்வதில் எடுத்துக்கொள்ளும் கவனம் கொஞ்சநஞ்சம் அல்ல. சாதாரண ஆய்வகக் கண்ணாடி ஆகாது, அதன் வழியே ஹீலியமே மெல்லக் கசிந்து வெளியே போய்விடும். அலுமினோசிலிக்கேட் வகைக் கண்ணாடி வேண்டும். கடையிலிருந்து வரும் குழாயை அப்படியே பயன்படுத்தாமல், கண்ணாடி ஊதுபவர் அதை உருக்கி மறுபடி ஊதுவார், உள்பரப்பு வழவழப்பாக இருந்தால் ஸ்பின் கலைவது குறைகிறது என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயம். எலக்ட்ரான் கற்றை நுழைந்து வெளியேறும் இரண்டு முனைகளிலும் கண்ணாடி பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான், அது உள்ளே இருக்கும் பத்து வளிமண்டல அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அப்புறம் கலத்தை வெற்றிட பம்பில் மாட்டி, நாள்கணக்கில் சூட்டில் வைத்து, சுவரில் ஒட்டியிருக்கும் ஈரத்தையும் வாயுக்களையும் துரத்துவார்கள். ரூபிடியத்தைச் சுடரால் சூடாக்கிச் சூடாக்கி, ஆவியாக்கி, உள்ளே ஓட்டிக்கொண்டு போவார்கள்.

கடைசியாக மூடுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கழுத்தைச் சுடரில் உருக்கி மூட வேண்டும், ஆனால் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகமாக இருந்தால் உருகிய கண்ணாடி குமிழாக ஊதி வெடித்துவிடும். உள்ளே வேண்டியதோ பத்து வளிமண்டலம். என்ன செய்வது? கலத்தைத் திரவ ஹீலியத்தில் குளிர வைக்கிறார்கள். தனிப்பூஜ்யத்துக்கு (மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) மேலே நாலே கெல்வினில் வாயு சுருங்கி, அழுத்தம் வெளிக்காற்றுக்குக் கீழே போய்விடும். அந்த நேரத்தில் கழுத்தைச் சுடரில் மூடிவிட்டு வெளியே எடுத்தால், அறைச் சூட்டுக்கு வரும்போது உள்ளே அழுத்தம் தானாக ஏறிக்கொள்ளும். ஒரு முனையில் திரவ ஹீலியம், ஒரு சாண் தள்ளிச் சுடர். அந்தக் கண்ணாடி ஊதுபவர்களுக்குக் கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் ஒரு வரி நன்றி கிடைக்கும். என்னைக் கேட்டால் முதல் வரியில் போட வேண்டிய பெயர்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஜெஃபர்சன் ஆய்வகத்தில் பயன்படுத்தும் கலங்களுக்கு மாடி ஒன்று, தரைத்தளம் ஒன்று என்று இரண்டு அறை உண்டு. மேல் அறை அடுப்புக்குள் இருக்கும், லேசர் அங்கேதான் விழும். கீழ் அறை 40 சென்டிமீட்டர் நீளக் குழாய், எலக்ட்ரான் கற்றை அதன் வழியே போகும். ஸ்பின் ஏறிய வாயு இணைப்புக் குழாய் வழியாகக் கீழே வரும். முன்பு ஒற்றைக் குழாய்தான் இருந்தது, வாயு பரவிப் பரவி மெதுவாகத்தான் இறங்கும், எலக்ட்ரான் கற்றையைக் கூட்டினால் கீழே கலைகிற வேகத்துக்கு மேலிருந்து சரக்கு வந்து சேராது. பிறகு இரண்டு குழாய் வைத்து, ஒன்றைச் சூடாக்கி, வாயு ஒன்றின் வழியே ஏறி மற்றொன்றின் வழியே இறங்கிச் சுற்றும்படி செய்தார்கள்.

சுற்றிலும் பெரிய கம்பிச்சுருள்கள் 25 காஸ் அளவுக்கு ஒரு சீரான காந்தப்புலத்தைக் கொடுக்கும். பத்தாயிரம் காஸ் சேர்ந்தால் ஒரு டெஸ்லா, ஆக எம்.ஆர்.ஐ. காந்தத்தில் இது அறுநூறில் ஒரு பங்கு. வரிசையில் நிறுத்துவது லேசரின் வேலை, நின்றவர்களுக்குத் திசை காட்டினால் போதும் என்பதால் இவ்வளவு போதும். மதுரையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ். காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே திருநெல்வேலிப் பக்கமாகப் போவதால், நம் ஊரில் திசைகாட்டி ஊசி மேலும் கீழும் சாயாமல் கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். ஹீலியம்-3 அணுக்கரு காந்தப்புலத்தில் காஸ் ஒன்றுக்கு விநாடிக்கு 3,240 முறை அச்சாட்டம் போடும் (பம்பரம் சாய்ந்து தலையாட்டுவதுபோல), அதாவது மதுரை மண்ணின் புலத்தில் வைத்தால் 1,300 ஹெர்ட்ஸ், காதால் கேட்கக்கூடிய சுருதி. 25 காஸில் 81 கிலோஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண்ணை வைத்துத்தான் முனைவாக்கத்தை அளக்கிறார்கள். ரேடியோ அலையைக் கொடுத்து ஸ்பின்கள் மொத்தத்தையும் ஒருமுறை தலைகீழாகப் புரட்டினால், பக்கத்தில் வைத்த கம்பிச்சுருளில் ஒரு மின் சமிக்ஞை எழும், அதன் உயரம் முனைவாக்கத்துக்கு ஏற்ப இருக்கும்.

சீரான புலம் என்றால் பக்கத்தில் இரும்பே ஆகாது. மேசைக் கால், திருகாணி, சுவருக்குள் இருக்கும் கம்பி வரைக்கும் பார்ப்பார்கள். நம் மதுரை வடபழஞ்சியில் நியூட்ரினோ உணர்கருவிக்கு மாதிரியாக 85 டன் இரும்பைக் காந்தமாக்கி வைத்திருக்கிறார்கள், அந்தக் கட்டடத்துக்குள் இப்படி ஒரு கலத்தைக் கொண்டுபோய் வைத்தால் அதைவிட மோசமான அக்கம்பக்கம் அமையாது. லேசருக்கோ வெயில் ஆகாது. டயோடு லேசரின் அலைநீளம் ஒரு டிகிரி சூடேறினால் 0.3 நானோமீட்டர் வரை நகர்ந்துவிடும், ரூபிடியம் உறிஞ்சுகிற பட்டையின் அகலமே பத்து வளிமண்டல அழுத்தத்தில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சித்திரை மாதத்தில் ஏ.சி. இல்லாத அறையில் ஓட்டிப் பார்த்தால் மத்தியானத்துக்குள் லேசரும் ரூபிடியமும் ஆளுக்கொரு பக்கம் போயிருக்கும். அலைநீளத்தை 0.2 நானோமீட்டருக்குள் பூட்டி வைக்கும் லேசர்கள் வந்த பிறகுதான் கற்றை பாயும்போதும் 60 சதவீதம் போன்ற முனைவாக்கம் வழக்கமானது.

இப்படிப்பட்ட இலக்கை வைத்து 1992-இல் கலிஃபோர்னியாவின் ஸ்லாக் முடுக்கியில் நியூட்ரானின் ஸ்பின் அமைப்பை அளந்தார்கள். எலக்ட்ரான்களுக்கும் ஸ்பின் திசை கொடுத்து அனுப்புவார்கள். எலக்ட்ரானின் ஸ்பின்னும் இலக்கின் ஸ்பின்னும் ஒத்திருக்கும்போது எத்தனை சிதறுகின்றன, எதிராக இருக்கும்போது எத்தனை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அளவீடு. வித்தியாசம் மிகச் சிறியது, இலக்கில் இருக்கும் புரோட்டான்களும் நைட்ரஜனும் கண்ணாடி முனைகளும் அதை இன்னும் நீர்த்துப்போகச் செய்யும். ஆக 40 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு முனைவாக்கம் உயர்ந்தால், அதே துல்லியத்துக்குத் தேவைப்படும் கற்றை நேரம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும், ஏனென்றால் நேரம் முனைவாக்கத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் போகிறது.

ரூபிடியம் இல்லாத வழி ஒன்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹீலியம்-3 வாயுவை மிகக் குறைந்த அழுத்தத்தில் வைத்து, ரேடியோ அலையால் மின்னொளிரச் செய்தால், சில அணுக்கள் சற்று நீடிக்கும் ஒரு மேல்நிலைக்குப் போகும். அந்த அணுக்கள் 1083 நானோமீட்டர் லேசரை நேரடியாகவே வாங்கிக்கொள்ளும். விநாடிகளிலும் நிமிடங்களிலும் ஏறிவிடும், ஆனால் அதற்கப்புறம் ஸ்பின் கெடாமல் அந்த வாயுவை அழுத்திச் சேர்க்க வேண்டும், அதற்கு உள்ளே இரும்பே இல்லாத பம்பு வேண்டும். 1963-இல் வந்த முறை இது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலும் பிரான்சின் கிரெனோபிளிலும் நன்றாக வளர்த்தார்கள்.

கிரெனோபிள் என்றதும் இதே வாயுவின் இன்னொரு வேலையைச் சொல்லியாக வேண்டும், நியூட்ரான் சிதறல் என்று தேடுகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் தேடுகிறார்கள். இதுவரை பேசியது எலக்ட்ரானை அனுப்பி நியூட்ரானைப் பார்ப்பது. அணு உலைகளில் நடப்பது நேர் எதிர்: நியூட்ரான் கற்றையை ஒரு பொருளுக்குள் அனுப்பி அந்தப் பொருளைப் பார்ப்பது. நியூட்ரானுக்குக் காந்தத் தன்மை இருப்பதால், படிகத்துக்குள் எந்த அணுவின் காந்தம் எந்தத் திசையில் நிற்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே.எஸ். கிருஷ்ணன் படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டுக் காந்தப்புலத்தில் அது திரும்புவதை அளந்தார், மொத்தப் படிகத்தின் காந்தத் தன்மை தெரிந்தது. நியூட்ரான் அதே படிகத்தின் உள்ளே ஒவ்வோர் அணுவையும் தொட்டுப் பார்க்கும். கிளிஃபோர்டு ஷல்லுக்கும் பெர்ட்ராம் புரொக்ஹவுஸுக்கும் 1994-இல் நோபல் கிடைத்தது நியூட்ரான் சிதறல் முறைகளுக்காகத்தான்.

அதில் ஹீலியம்-3 என்ன செய்கிறது? ஹீலியம்-3 நியூட்ரானை விழுங்கும், விழுங்கி ஒரு புரோட்டானாகவும் டிரிட்டானாகவும் (டிரிடியத்தின் அணுக்கரு) பிரியும். ஆனால் இரண்டின் ஸ்பின்னும் எதிரெதிராக இருந்தால் மட்டும்தான் விழுங்கும், ஒரே திசையில் இருந்தால் ஏறக்குறைய தொடாமலே விட்டுவிடும். முனைவாக்கிய ஹீலியம்-3 கலம் ஒன்றைக் கற்றையின் குறுக்கே வைத்தால், ஒரு ஸ்பின் திசை நியூட்ரான் சிக்கிக்கொள்ளும், மற்றது வெளியே வரும். ஸ்பின் வடிகட்டி தயார். ரேடியோ அலையால் வாயுவின் ஸ்பின்னைப் புரட்டினால் வடிகட்டியின் திசையும் மாறிவிடும். இங்கே எலக்ட்ரான் கற்றையின் தொல்லை இல்லாததால் நல்ல கலங்களில் 80 சதவீதத்தைத் தாண்டுகிறார்கள். இந்த வேலையை ஹியூஸ்லர் என்ற காந்தக் கலப்புலோகப் படிகங்களை வைத்தும் செய்யலாம், பல காலமாகச் செய்தும் வருகிறார்கள், ஆனால் படிகம் ஒரே ஒரு அலைநீளத்தைப் பிடித்துக்கொள்ளும், வாயு அகலமான கற்றையையும் பல அலைநீளங்களையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும்.

மதுரையில் எம்.எஸ்சி. படிக்கும் ஒரு பிள்ளைக்கு இதில் ஆர்வம் வந்தால் கையில் எடுக்க வேண்டிய முதல் பாடம் ரூபிடியத்தின் அணு அமைப்பு, அதிலும் நுண் ஆற்றல் மட்டங்கள். அதை வெறும் ரூபிடிய விளக்கையும் ஒரு சின்ன ஆவிக் கலத்தையும் வைத்தே செய்து பார்க்கலாம், ஒளிவழி ஏற்றம் கண்முன்னே நடக்கும். நியூட்ரான் கற்றையே வேண்டும் என்றால் மும்பை டிராம்பேயில் 1985 முதல் இயங்கும் 100 மெகாவாட் துருவா உலை இருக்கிறது, அங்கே முனைவாக்கிய நியூட்ரான் கருவிகளும் உண்டு, பல்கலைக்கழகக்காரர்கள் யு.ஜி.சி.-டி.ஏ.இ. கூட்டு மையத்தின் வழியாக விண்ணப்பித்து அங்கே போய் வேலை செய்கிறார்கள்.